படகுச் சமையலறையையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படகுப் பயணம் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில் எஞ்சின், வானிலை, உயிர்காப்பு அங்கி எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு வரி: பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், ஓடும் படகில் அடுப்பு மூட்டாதீர்கள். இரண்டு மணி நேர உலாவுக்கு அது போதும். மூன்று நான்கு நாள் தண்ணீரிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு அது தவறான யோசனை. காலி வயிற்றில் குமட்டல் சீக்கிரம் வருகிறது. குமட்டல் வந்தவர் தண்ணீர் குடிப்பதில்லை. உடலில் நீர் வற்றியவர் இரவுக் காவலில் கண் அயர்கிறார், திசைக் கணக்கைத் தப்பாகப் போடுகிறார், ஓடும் கயிற்றின் மேல் கால் வைக்கிறார். வேளைக்குக் கிடைக்கும் சூடான சாப்பாட்டைப் படகின் பாதுகாப்புச் சாதனங்களில் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

வணிகக் கப்பல்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. 2006-ல் நிறைவேறி 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலில் பணிபுரிவோருக்குத் தரமான உணவும் குடிநீரும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது. கப்பல் சமையல்காரர் பயிற்சி பெற்றவராகவும் 18 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து பேர் உல்லாசமாகப் போகும் பாய்ப்படகை அந்தச் சட்டம் தொடாது. அது எழுதப்பட்ட காரணம் மட்டும் அங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஐந்து பேரில் ஒருவர் படுத்துவிட்டால் அவருடைய காவல் நேரமும் மற்ற நால்வர் தலையில்தான் விழுகிறது.

முதலில் அடுப்பு. மணிக்கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும் பாய்ப்படகில் அடுப்பை ஜிம்பல் என்னும் அச்சில் தொங்கவிடுகிறார்கள். அச்சு படகின் நீளவாக்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் படகு பக்கவாட்டில் சாயும்போது அடுப்பு மட்டமாக நிற்கும். அணியம், அதாவது படகின் முன்முனை, தூக்கிக் குத்தும் ஆட்டத்துக்கு ஜிம்பல் உதவாது. அதற்குப் பாத்திரத்தை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் கம்பிகள் வேண்டும். கரையில் கட்டியிருக்கும்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அடுப்பின் மேல் வைத்து, அடுப்பைக் கையால் சாய்த்து விடுங்கள். தானே நிமிர்ந்து நின்றால் சரி. நிமிராமல் கவிழப் பார்த்தால் எடை அச்சுக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள். அடுப்பின் அடியில் எடை சேர்க்க வேண்டும், அல்லது சிறிய பாத்திரத்துக்கு மாற வேண்டும். கீழே ஓவன் உள்ள அடுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. கதவைத் திறந்ததும் அதன் எடை முன்னால் வருவதால் மேலே கொதிக்கும் பாத்திரம் சமைப்பவர் பக்கம் சாயும். அடுப்பைத் தாழ்ப்பாள் போட்டு நிறுத்திய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

அடுப்புக்கு முன்னால் ஒரு ஆளின் முழு எடையையும் தாங்கக்கூடிய குறுக்குக் கம்பி கட்டாயம். அது இல்லையென்றால் தடுமாறும் கை அடுப்பைத்தான் பிடிக்கும். சமைப்பவரை இடுப்புப் பட்டையால் கட்டிக்கொள்ளச் சொல்வதும் உண்டு. இரு கையும் வேலைக்குக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுப்புக்கு நேர் எதிரே கட்டிக்கொண்டு நிற்பவரால் கொட்டும் கொதிநீரிலிருந்து விலக முடியாது. பட்டையை அடுப்புக்குப் பக்கவாட்டில் நிற்கும்படி மாட்டி, ஒரே இழுப்பில் கழலும் கொக்கி வைத்தால் மட்டுமே அதை ஏற்கலாம்.

இனி கேஸ். படகுச் சமையலில் உயிரைக் குடிக்கக்கூடியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமையல் கேஸில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியே வெளியேற வாய்ப்பிருக்கிறது. படகோ அடியில் ஓட்டையில்லாத தொட்டி. கசிந்த கேஸ் தளத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கும் அடிக்குழியில் இறங்கி அங்கேயே நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அடிக்குழிப் பம்பின் சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும்.

ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டி படகின் உட்பகுதியிலிருந்து முழுதாக அடைக்கப்பட்டு, மேல்பக்கம் மட்டும் வெளியே திறக்க வேண்டும். அதன் அடித்தளத்திலிருந்து 19 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டம் கொண்ட வடிகுழாய் நேராகப் படகுக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே போய் முடிய வேண்டும். இடம் இருக்கிறதே என்று அந்தப் பெட்டிக்குள் கயிற்றையும் கருவிகளையும் திணிக்கிறார்கள். கயிறு வடிகுழாயை அடைக்கும், ஸ்பானர் உருண்டு வால்வில் மோதும். அந்தப் பெட்டியில் சிலிண்டரைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

கசிவைக் கண்டுபிடிக்க மூக்கை நம்ப வேண்டாம். ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டர் பக்கத்தில் ஒரு அழுத்தமானி பொருத்துங்கள். எல்லா பர்னர்களையும் மூடிவிட்டு, சிலிண்டர் வால்வைத் திறந்து, குழாயில் மின்வால்வு இருந்தால் அதையும் திறந்து வையுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு சிலிண்டர் வால்வை மட்டும் மூடுங்கள். குறைந்தது 3 நிமிடம், முடிந்தால் 15 நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் குழாயிலோ இணைப்பிலோ கசிவு இருக்கிறது. சோப்பு நீரைத் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடலாம். அமோனியா கலந்த சோப்பு பித்தளை இணைப்புகளில் விரிசல் விழச் செய்யும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். இதே அழுத்தமானியைப் பார்த்து கேஸ் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கணிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் குறையாது. மீதியை அறிய எடை போடுவதுதான் வழி.

சமைத்து முடித்ததும் பர்னரை முதலில் அணைக்காதீர்கள். சிலிண்டர் பக்கம் மூடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானே அணையட்டும். அதன் பிறகு பர்னரின் திருகை மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், விளக்கைக்கூடப் போடாமல், சிலிண்டரை மூடி, எல்லாத் திறப்புகளையும் திறந்து, ஆட்களை மேல்தளத்துக்கு அனுப்ப வேண்டும். அடிக்குழியில் நிற்கும் கேஸைக் கைப்பம்பால் வெளியேற்றலாம், மின்பம்பால் கூடாது. கேஸ் எச்சரிக்கைக் கருவியைத் தாழ்வாகப் பொருத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவி வேறு. அது படுத்திருப்பவரும் உட்கார்ந்திருப்பவரும் மூச்சுவிடும் உயரத்தில் இருக்க வேண்டும். குளிருக்காக எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது அந்த வாயுவை வரவழைக்கும் வேலை. சமைக்கும்போது ஒரு திறப்பாவது திறந்தே இருக்கட்டும். தீச்சுடர் நீலம் மாறி மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யாமல் தொடராதீர்கள்.

கேஸ் வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று உண்டு. மண்ணெண்ணெய் அழுத்த அடுப்பை முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். சூடு போதாமல் திறந்தால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீய்ச்சி ஆளுயரத் தீ எழும். ஸ்பிரிட் அடுப்பு எளிமையானது, ஆனால் கேஸ் தரும் வெப்பத்தில் எடைக்கு எடை ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் தரும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுவதால்தான் விபத்துகள் நேர்கின்றன. மின்தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க இழப்புகளோடு சேர்த்து 110 முதல் 120 வாட்-மணி ஆகும், அதாவது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 10 ஆம்பியர்-மணி. அளவு பெரிதில்லை. ஆனால் 1,800 வாட் அடுப்பு ஓடும்போது அந்தப் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பியும் இன்வெர்ட்டரும் அதைத் தாங்கும்படி இல்லையென்றால் தீ கம்பியில் பிடிக்கும்.

பாத்திரங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிரஷர் குக்கர்தான். நான்கு பேருக்கு 5 லிட்டர் போதும். மூடி பூட்டிக்கொள்வதால் வழுக்கி விழுந்தாலும் உள்ளே இருப்பது கொட்டாது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதால் பயறும் கிழங்கும் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வெந்துவிடும். கேஸும் மிச்சம், அறைக்குள் நீராவியும் குறைவு. அளவில் கண்டிப்பு வேண்டும். பொதுவாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அரிசி, பருப்பு வகைகள் நுரைத்து ஆவித்துளையை அடைக்கும் என்பதால் அவற்றுக்குப் பாதி அளவுதான். ஒரு பங்கு வெள்ளரிசிக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர். முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து 3 நிமிடம். பிறகு அணைத்து 10 நிமிடம் சும்மா விட்டுவிட வேண்டும். ஆடும் படகில் குக்கரைத் தூக்கிக் குழாயடியில் காட்டி அழுத்தம் இறக்கும் அவசரம் வேண்டாம், அது இருந்த இடத்திலேயே ஆறட்டும். ஜிம்பல் இல்லாத படகு சாய்ந்து ஓடும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் அடிப்பிடிக்கும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீரும் சிறு தீயும் வைத்தால் தப்பலாம். கேஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் ஒவ்வொன்று உபரியாக இருக்கட்டும். கடல்நீர் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும், எவர்சில்வரே நல்லது.

விரிந்த வாய் கொண்ட வெற்றிடக் குடுவையும் (பிளாஸ்க்) பெரிய உதவி. கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஓட்ஸையோ உடைத்த கோதுமையையோ கொதிக்கும் நீரோடு போட்டு மூடினால் அதிகாலைக் காவலுக்கு எழுபவருக்கு அடுப்பு பற்றவைக்காமலே சூடான கஞ்சி இருக்கும். சிவப்பு ராஜ்மாவை மட்டும் நேரடியாகக் குடுவையில் போடாதீர்கள். அதிலுள்ள நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே குடுவைக்கு மாற்ற வேண்டும்.

சுடுநீர்க் காயம்தான் படகுச் சமையலறையின் வழக்கமான விபத்து. குக்கரைத் தவிர மற்றப் பாத்திரங்களைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒருவர் கையில் கோப்பை, இன்னொருவர் கையில் கெண்டி என்று ஊற்றவே கூடாது. கோப்பைகளைக் கழுவுதொட்டிக்குள் நிறுத்தி அங்கே ஊற்ற வேண்டும். எவ்வளவு வெயிலானாலும் சமைப்பவருக்கு மூடிய காலணியும் நீர் ஊடுருவாத நீண்ட ஏப்ரனும் வேண்டும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீர். தண்ணீர்ச் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல. பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதையும் தடவக் கூடாது. எண்ணெய் தீப்பிடித்தால் கேஸை மூடித் தீப்போர்வையால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தப் போர்வை அடுப்புக்கு மேலே தொங்கினால் பயனில்லை, தீயைத் தாண்டாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் நிறைய ஊற்றிப் பொரிக்கும் சமையல் ஓடும் படகில் வேண்டவே வேண்டாம்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைத்து, அதற்கு மேல் அவசர இருப்பும் வைக்கலாம். ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் வைத்தால் ஒரு ஓட்டையோ கலப்போ மொத்தத்தையும் கெடுத்துவிடும். திறந்த கடலின் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு பங்கு கடல்நீருக்கு மூன்று பங்கு நன்னீர் சேர்த்தால், வடித்துக் கொட்டும் உருளைக்கிழங்கு, பாஸ்தா போன்றவற்றுக்கு அளவான உப்பு. சோறு நீரை முழுதும் உறிஞ்சுவதால் இந்தக் கலவையில் கரித்துவிடும். துறைமுகத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் எடுத்த நீர் சமையலுக்கு ஆகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், எண்ணெயும் உலோகமும் போகாது. பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கடல்நீரில் கழுவி, கடைசியில் கொஞ்சம் நன்னீர் தெளித்து அலசலாம். அலசாமல் விட்டால் ஒட்டிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பொருள்களை ஏற்றும்போது அட்டைப் பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். கரப்பான் முட்டைகள் அவற்றின் மடிப்புகளில்தான் படகேறுகின்றன. டப்பா உணவின் தாள் ஈரத்தில் உரிந்துபோகும். உள்ளே என்ன என்பதையும் தேதியையும் அழியாத மையில் தகரத்திலேயே எழுதுங்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தனித்தனி இடத்தில், இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்து கசந்தால் அது சாப்பிடக் கூடாதது. ஆப்பிளும் வாழைப்பழமும் வெளிவிடும் எத்திலீன் என்ற வாயு பக்கத்திலிருக்கும் காய்களைச் சீக்கிரம் பழுக்க வைக்கும், அவற்றை ஒதுக்கி வையுங்கள். தொங்கும் வலையில் போட்ட பழம் சுவரில் மோதி மோதி அழுகுகிறது. வலையின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டி, உள்ளே துணி விரிக்க வேண்டும். முட்டைக்கோஸைக் கத்தியால் பிளக்காமல் வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துப் பயன்படுத்தினால் வாரக்கணக்கில் நிற்கும். தக்காளியைச் செங்காய், அரைப்பழம், பழம் என்று மூன்று பதத்தில் வாங்கினால் வரிசையாகக் கைக்கு வரும். எல்லாவற்றையும் தினமும் ஒருமுறை கையால் புரட்டிப் பாருங்கள். ஒரு கிழங்கு அழுகினால் கூடையே போய்விடும்.

கழுவாத, குளிர்பெட்டியில் ஒருமுறையும் வைக்காத முட்டைகளை வாங்குங்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். ஓட்டின் மேல் மெல்லிதாக எண்ணெயோ வாசலினோ தடவினால் ஈரம் வெளியேறுவது குறைந்து நெடுநாள் இருக்கும். எப்போதும் தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்த பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டும்.

குளிர்பெட்டி மேலே திறப்பதாக இருந்தால் குளிர்ந்த காற்று உள்ளேயே தங்கும். முன்னால் திறப்பதில் ஒவ்வொரு முறையும் அது வழிந்து கீழே இறங்கிவிடும். பனிக்கட்டி வைப்பதானால் சில்லுகளைவிடப் பெரிய கட்டியே அதிக நேரம் தாங்கும்.

புறப்பட்ட முதல் 24 மணி நேரத்துக்குச் சமையல் வைக்காதீர்கள். உடம்பு ஆட்டத்துக்குப் பழகும்வரை கீழே இறங்கிக் காய் நறுக்கினால் நல்ல மாலுமிக்கும் தலைசுற்றும். கரையிலேயே சமைத்துக் குளிரவைத்ததை எடுத்துச் சென்று சூடாக்கினால் போதும். குடுவைகளில் வெந்நீரையும் நிரப்பிக்கொள்ளுங்கள். தட்டு வேண்டாம், ஆழமான கிண்ணமும் கரண்டியும்தான். வாந்தி எடுத்தவருக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து மிடறு மிடறாகக் கொடுக்கலாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான். மிச்சச் சோற்றில் இது முக்கியம். அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்து, சோறு மெல்ல ஆறும்போது நச்சை உண்டாக்கும்; மறுபடி சூடாக்கினால் அந்த நச்சு போகாது.

பிடித்த மீனுக்கும் இதே எச்சரிக்கை. சூரை, கானாங்கெளுத்தி வகைகளை உடனே இரத்தம் வடித்து, குடல் நீக்கி, பனியில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். சாப்பிட்டதும் முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வரும். வெப்பமண்டலப் பவளப்பாறைப் பகுதிகளில் பிடிபடும் பெரிய ஷீலாவிலும் களவாவிலும் சிகுவாடெரா என்ற நச்சு இருக்கலாம். இரண்டையும் சமையல் அழிக்காது. பாறைப் பகுதியில் பெரிய மீன் விழுந்தால் ஆசைப்படாமல் விட்டுவிடுவதே நல்லது.

மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு வைட்டமின் சி கவலை உண்மையானது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயாளிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை வழங்க 1795 ஆனது. இன்று எலுமிச்சையோடு பச்சைப்பயறும் கைகொடுக்கும். இரவு முழுதும் ஊறவைத்து, நன்னீரில் நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசி வடித்தால் இரண்டு மூன்று நாளில் முளைவிடும். வெதுவெதுப்பான ஈரம் கிருமிக்கும் பிடித்த இடம் என்பதால் கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்துச் சாப்பிடுங்கள்.

குப்பையைப் பற்றியும் எழுத வேண்டும். கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்புப்படி பிளாஸ்டிக்கைக் கடலில் எங்கேயும் போடக் கூடாது. உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் சல்லடையில் போகும்படி அரைத்திருந்தால் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால், அரைக்காவிட்டால் 12 கடல்மைலுக்கு அப்பால் போடலாம். சிறப்புப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட கடல்களில் விதி இன்னும் கடுமை. 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில் இந்த விதிகளை எழுதி மாட்டியிருக்க வேண்டும். உறைகளைக் கரையிலேயே பிரித்துவிட்டுப் புறப்பட்டால் திரும்பக் கொண்டுவர வேண்டிய குப்பை பாதியாகக் குறையும்.

படகுப் பயணக் கட்டுரைகளை இனி வெளியிடும்போது, குறைந்தபட்சம் மேலே சொன்ன கேஸ் அழுத்தச் சோதனையையும் முதல் 24 மணி நேரச் சாப்பாட்டு ஏற்பாட்டையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அரைப் பத்தி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்